மரியமலரின் கல்வெட்டுத் தட்டு

மரியமலரை அடக்கம் செய்த கிழமையே அவருடைய தங்கை என் வீட்டுக்கு வந்துவிட்டார். கல்வெட்டுக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தரவேண்டுமாம். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சிறு புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அதன் பெயர்தான் கல்வெட்டு. அட்டையில் ஆளின் படம், உள்ளே தேவாரமோ செபமோ, குடும்ப விபரம், வாழ்க்கைக் குறிப்பு, கடைசிப் பக்கத்தில் நன்றி. வவுனியாவில் படத்தையும் பெயரையும் கொடுத்தால் மிச்சத்தை அச்சகக்காரரே பார்த்துக்கொள்வார்.

"நீங்கள்தானே அண்ணை ஒவ்வொரு நாளும் லைபிரரியில அக்காவோட கொழுவிக்கொண்டு இருந்தனீங்கள். உங்களை விட்டால் ஆர் எழுதுறது?" என்றார் தங்கை.

நாங்கள் சண்டை பிடித்தது உண்மைதான். நான் முத்துலிங்கம். பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் பேப்பர் வாசிக்க நூலகத்துக்குப் போவேன். போனால் வாய் சும்மா இருக்காது. அங்கே நூலகராக இருந்த மரியமலரும் விடமாட்டார். தங்கைக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அச்சில் வந்தபோது பார்த்தால், "எல்லோருடனும் இன்முகத்துடன் பழகுபவர்" என்று ஒரு வரி புதிதாக முளைத்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது. மரியமலருக்கு இன்முகம் கிடையாது. புத்தகத்தின் மூலையை மடித்தவனைச் சந்தியில் வைத்தே ஏசுகிற பெண் அவர். ஆகவே அந்தப் பக்கத்தில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

மலர் பிறந்தது முல்லைத்தீவுக் கரையில். தகப்பன் பஸ்தியாம்பிள்ளை கடல் தொழிலாளி. வலை கரைக்கு வந்ததும் மீனை இனம் பிரிப்பது பிள்ளைகளின் வேலை. சூடை ஒரு குவியல், பாரை ஒரு குவியல், திருக்கை தனி. எந்தக் குவியலிலும் சேராத ஒன்று அகப்பட்டால் தகப்பன் அதைத் தன் காலடியில் போடச் சொல்வாராம். "அது கறிக்கு" என்பாராம். நூலகர் ஆன பிறகும் மலரிடம் அந்தப் பழக்கம் இருந்தது. எந்த எண்ணிலும் அடங்காத புத்தகம் வந்தால் தன் மேசைக்குக் கீழே வைப்பார். "அது கறிக்கு அண்ணை, ஆறுதலாப் பாப்பம்" என்பார். உள்நாட்டுச் சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது எங்கள் நூலகத்துக்குக் கூரையும் இல்லை, புத்தகமும் இல்லை. பிறகு கூரை வந்தது. வெளிநாடுகளிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பெட்டி பெட்டியாகப் புத்தகம் வந்தது. சுவிஸில் வரி கட்டுவது எப்படி என்று ஜெர்மன் மொழியில் ஒரு தடித்த புத்தகமும் அதற்குள் இருந்தது. நாங்கள் சிரித்தோம். மலர் சிரிக்கவில்லை. அதற்கும் எண் போட்டு, முதுகில் ஒட்டி, அலுமாரித் தட்டில் நிறுத்தினார்.

எண் என்றால் தூயி தசமப் பகுப்பு. ஒரு அமெரிக்கர் உலகத்து அறிவையெல்லாம் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மீண்டும் பத்தாகப் பிரித்து, அதற்கு மேலும் வேண்டுமானால் புள்ளி வைத்துப் போகலாம் என்று செய்த முறை. அதைப் பற்றித்தான் எங்களுக்குள் முதல் சண்டை வந்தது. குளம் கட்டுவது 627, நெல் விதைப்பது 633. இரண்டுக்கும் நடுவே ஓர் அலுமாரி. குளத்தையும் வயலையும் பிரித்து வைத்தவன் வன்னிக்கு வந்திருக்கிறானா என்று கேட்டேன். அடுத்தது சமயம். கிறிஸ்தவத்துக்கு 220 தொடக்கம் 280 வரைக்கும் வரிசையாக இடம். சைவத்தைத் தேடினால் 294க்குப் பிறகு ஒரு புள்ளி, அதற்குப் பிறகு ஓர் ஐந்து.

"உங்கட ஆக்களுக்கு முழு வளவு, எங்களுக்கு வேலிக்கரையில ஒரு துண்டோ?" என்றேன்.

"நான் எழுதினதே அண்ணை? தூயி செத்து எவ்வளவு காலம். மேல போனால் ஆளைப் பிடிச்சுக் கேளுங்கோ," என்றார், தலையை நிமிர்த்தாமல்.

அவர் அந்த முறையை நம்பினார். ஒரு புத்தகத்துக்கு ஓர் இடம்தான், இரண்டு இடத்தில் ஒரு புத்தகம் நிற்க முடியாது, நிற்க இடமில்லாத புத்தகம் தொலைந்த புத்தகம் என்பார். பலமுறை இடம்பெயர்ந்து, ஒரு பெட்டியையும் இரண்டு உடுப்பையும் தூக்கிக்கொண்டு அலைந்த பெண் அவர். நிற்க இடம் என்ற சொல்லை அவர் சும்மா சொல்லவில்லை என்று எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

ஆனால் எங்கள் ஊரில் மலர் பெயர் எடுத்தது தூயியால் அல்ல, கல்வெட்டுத் தட்டால். வாழ்க்கை வரலாற்றுக்கு 920. அதற்குப் பக்கத்தில் "க" என்று ஓர் எழுத்தைத் தானாகப் போட்டு, ஊரில் வெளிவரும் கல்வெட்டுகளுக்கு ஒரு தட்டை ஒதுக்கினார். முப்பத்தோராம் நாள் வீடுகளுக்கெல்லாம் போவார். சாப்பிட்டு எழும்பும்போது, "ரெண்டு தாங்கோ, ஒண்டு எனக்கு, ஒண்டு தட்டுக்கு" என்று கேட்டு வாங்குவார். முதலில் சனம் ஒரு மாதிரிப் பார்த்தது. பிறகு அந்தத் தட்டின் அருமை தெரிந்தது. சண்டையில் போட்டோ அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. செத்த தகப்பனின் முகம் கல்வெட்டில் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லி, போனில் படம் பிடிக்க எத்தனையோ பேர் வந்தார்கள். மலர் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் அழுது முடிக்கும்வரை தூசி தட்டிக்கொண்டு நிற்பார்.

நாளடைவில் ஊருக்குள் ஒரு கதை வழக்கமே வந்துவிட்டது. ஒருவர் செத்தாரா என்று கேட்டால், "ஓம், அவர் போன வருசமே தட்டுக்குப் போயிட்டார்" என்பார்கள். நோய் வருத்தமாகக் கிடக்கிறவர், "மலர் இன்னும் எனக்குத் தட்டில இடம் எடுக்கேல்லையோ?" என்று பகிடி விடுவார்.

அந்தத் தட்டில் முதலாவதாக நின்றது மலரின் அண்ணன் ஸ்ரனிஸ்லஸின் கல்வெட்டு. சண்டை ஓய்ந்திருந்த காலத்தில், ஒரு மாரி மழைக்காலத்தில், ஸ்ரனிஸ்லஸ் கடலுக்குப் போனார். தோணி கவிழ்ந்த நிலையில் ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை. ஒரு வருடம் பார்த்துவிட்டுக் குடும்பம் பூசை ஒப்புக்கொடுத்து, கல்வெட்டும் அடித்தது. அதில் ஒன்று வவுனியாவில் உறவினர் வீட்டில் கிடந்ததால் தப்பியது. இதை மலர் வெகுகாலம்வரை எனக்குச் சொன்னதில்லை. கல்வெட்டை வாசித்து, ஆண்டுகளைப் பார்த்து நானே கணித்ததுதான்.

இனி வடிவம்மாவுக்கு வருகிறேன்.

வடிவம்மாவின் பெற்றோர் மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குப் பயந்து இங்கே வந்து குடியேறியவர்கள். வடிவம்மா மற்றவர்களின் வயலில் களை பிடுங்கி, கச்சான் கடலை ஆய்ந்து பிழைத்தவர். புருஷன் ஆண்டியப்பன் பாம்பு கடித்து இறந்துபோனார். ஒரே மகன் ஜனார்த்தனன். நன்றாக எழுதுவான். பள்ளிக்கூட ஆண்டிதழிலும் வவுனியாவில் வந்த சிறு சஞ்சிகைகளிலும் அவன் கவிதைகள் வந்தன. 2013இல் அவுஸ்திரேலியாவுக்கு என்று முல்லைத்தீவுக் கரையிலிருந்து புறப்பட்ட ஒரு வள்ளத்தில் ஏறினான். அந்த வள்ளம் எங்கேயும் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை. மூழ்கியதாகவும் தகவல் இல்லை. ஏதோ ஒரு தீவில் பிடிபட்டு மறியலில் இருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். யாரோ பர்மா என்றார்கள். அயலவர்கள் வடிவம்மாவிடம், காரியத்தைச் செய்து முடி, அவனுடைய ஆத்மா அலையக் கூடாது என்று சொல்லிப் பார்த்தார்கள். அந்த மனிசி அதற்குப் பிறகு அவர்களுடைய வயலுக்கு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டது.

அவனோடு படித்த யதுர்ஷிகா இப்போது வவுனியாவில் ஆசிரியை. அந்தப் பிள்ளை அவனுடைய கவிதைகளைத் தேடிச் சேர்த்து ஒரு சிறு புத்தகமாகப் போட்டது. அடித்தது கல்வெட்டு அடிக்கும் அச்சகம். அச்சகக்காரருக்குக் கை பழகியது ஒரே அட்டைதான். நீள்வட்டத்துக்குள் பையனின் படத்தைப் போட்டு, கீழே ஒரு குத்துவிளக்கும் வைத்துவிட்டார். உள்ளே முதல் பக்கத்தில் "தோற்றம்: 1991" என்று இருந்தது. "மறைவு" என்ற அடுத்த சொல்லை மட்டும் யதுர்ஷிகா எடுத்துவிடச் சொல்லியிருக்கிறாள்.

வடிவம்மா அதை ஒரு சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு நூலகத்துக்கு வந்தபோது நான் பேப்பரோடு இருந்தேன்.

"எம் மகன் எழுதுனது, மிஸ். இங்க வைப்பீங்களா?"

"வைக்காமல் என்ன அக்கா. எங்கட ஊர்ப் பிள்ளையின்ர புத்தகம்," என்று மலர் இரண்டு கையாலும் வாங்கினார்.

வடிவம்மா போனபிறகு மலர் புத்தகத்தைத் தமிழ்க் கவிதைக்கு உரிய அடுக்கில், 894.8111இல், வைத்தார். பிறகு அதைத் திரும்ப எடுத்தார். அட்டையைப் பார்த்துக்கொண்டு கனநேரம் இருந்தார். அன்றைக்கு அதற்கு மேல் நான் கவனிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வடிவம்மா திரும்ப வந்தார். நல்ல சேலை உடுத்து, தலை வாரி வந்திருந்தார். மகனுடைய புத்தகம் தட்டில் நிற்பதைப் பார்க்க வேண்டுமாம். மலர் எழும்பிப் போய் எடுத்து வந்தார். கவிதைத் தட்டு இருப்பது கதவுக்குப் பக்கத்தில். மலர் போனது சன்னல் பக்கம். அந்தச் சன்னலுக்குக் கீழே என்ன தட்டு இருக்கிறது என்று எங்கள் ஊரில் தெரியாதவர் கிடையாது.

வடிவம்மா புத்தகத்தை வாங்கவில்லை. தானே சன்னல் பக்கம் நடந்துபோய், அது நின்ற இடத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் எங்கள் பழைய தபால்காரரின் கல்வெட்டு. மறுபக்கம் பிரசவத்தில் போன ஒரு பெண்ணின் கல்வெட்டு.

"எம் புள்ள செத்துட்டான்னு யாரு மிஸ் சொன்னா உங்களுக்கு?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. பட்டியல் அட்டைகள் இருக்கும் இழுப்பறையை நாங்கள் லாச்சி என்போம். அது மேசையில் திறந்தபடி இருந்தது. வடிவம்மாவுக்கு எழுத்து மெதுவாகத்தான் ஓடும், ஆனால் இலக்கம் நன்றாகத் தெரியும். மகனின் அட்டையை அவரே கண்டுபிடித்தார். பெயருக்குப் பக்கத்தில் 1991 – 2013 என்று மலரின் அழகான கையெழுத்தில் இருந்தது.

"இது அவன் போன வருசம்," என்றார் வடிவம்மா. "போன வருசத்த எதுக்கு எழுதியிருக்கீங்க?"

பிறகு மலரின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி அதே பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "பத்து வருசமா அந்த மனிசி ஊரோட பகைச்சுக்கொண்டு காத்திருக்கு. நீர் ஒரு பேனையால முடிச்சு வைச்சிட்டீர். அச்சகக்காரன் விளக்குப் போட்டால் உமக்கு எங்க போனது புத்தி?" என்றேன்.

"அட்டைப் படத்தைப் பாத்து மாறி வைக்கேல்லை அண்ணை," என்றார் மலர். "தெரிஞ்சுதான் வைச்சனான்."

அன்றைக்குத்தான் ஸ்ரனிஸ்லஸைப் பற்றி அவர் வாயால் கேட்டேன். அண்ணன் திரும்பாத அந்த ஒரு வருடமும் தாய் இரவில் கதவைப் பூட்டவிடவில்லையாம். சோறு மிஞ்சும்படிதான் சமைப்பாராம். தாயே கேட்டுப் பூசை ஒப்புக்கொடுத்துக் கல்வெட்டும் அடித்த பிறகுதான் அவர் ஒருநாள் முழுக்க அழுது, அடுத்த நாள் குளித்து, தலை வாரினாராம்.

"கடலைப் பற்றி எங்களுக்குத் தெரியும். வருசம் திரும்பி ஒரு கதையும் இல்லையெண்டால் ஆள் இல்லை. அந்த அக்காவும் ஒருக்கா அழுது முடிக்கட்டும் எண்டு நினைச்சன். அவவுக்கு ஒரு இடம் கிடைக்கும் எண்டு நினைச்சன்."

"உங்கட வீட்டில உங்கட அம்மா சொல்லித்தான் பூசை வைச்சது. இஞ்ச ஆர் உமக்குச் சொன்னது?" என்று கேட்டேன்.

மலர் அழுதார். நான் அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. பேப்பரை மடித்து, விரித்து, திரும்ப மடித்தேன்.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்து மலர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வடிவம்மா வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். தனியே போகப் பயமாக இருக்கிறதாம். சந்தியில் நின்று ஆண்களை ஏசுகிற மனுசி சொல்லுகிறார். மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் கைப்பையை இறுகப் பிடித்தபடி வந்தார்.

வடிவம்மா முற்றத்தில் கச்சான் காயவிட்டுக்கொண்டு இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பவில்லை. பிறகு எழும்பி, இரண்டு கதிரை கொண்டுவந்து போட்டார். மலர் கதிரையில் இருக்காமல் கச்சானுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். கைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தார்.

"நான் பிழை விட்டிட்டன் அக்கா. எனக்கு அதை எழுத உரித்தில்லை."

அட்டையை நான்காகக் கிழித்தார். அதற்கு முன்னர் அவர் ஒரு பட்டியல் அட்டையைக் கிழித்து நான் கண்டதில்லை. பிழை வந்தால் வெள்ளை மை பூசித் திருத்துகிறவர். பிறகு புது அட்டை ஒன்றை எடுத்து, முழங்காலில் வைத்து எழுதினார். ஜனார்த்தனன், ஆண்டியப்பன். அதற்குப் பிறகு 1991. அதற்குப் பிறகு ஒரு சிறு கோடு. அத்துடன் பேனையை மூடினார்.

வடிவம்மா அட்டையை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"கோட்டப் போட்டு விட்டுட்டீங்களே, மிஸ்?"

"உயிரோட இருக்கிற எழுத்தாளர் எல்லாருக்கும் அப்பிடித்தான் அக்கா போடுறது. பிறந்த வருசம், ஒரு கோடு. அங்கால வெறுமையா விடுறது. உலகம் முழுக்க எல்லா லைபிரரியிலயும் அப்பிடித்தான்."

"வேற யாராச்சும் வந்து அதுல எழுதிற மாட்டாங்களே?"

"நான் உயிரோட இருக்கிற மட்டும் ஒருத்தரும் எழுத மாட்டினம்."

வடிவம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். உள்ளே போய்ப் புத்தகத்தைப் பையோடு கொண்டுவந்து மலரின் மடியில் வைத்தார். பிறகு குசினிக்குள் போய் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் வடிவம்மா நூலகத்துக்கு வருவார். கவிதைத் தட்டில் மகனுடைய புத்தகம் நிற்கிறதா என்று பார்ப்பார். யாராவது இரவல் எடுத்துப் போயிருந்தால் அன்றைக்கு முழுக்க முகம் வெளிச்சமாக இருக்கும். பிறகு லாச்சியைத் திறந்து, அட்டையைப் பார்த்து, லாச்சியை மூடிவிட்டுப் போவார். ஒருமுறை பொடியன் ஒருவன் அதைப் பார்த்துச் சிரித்தான். மலர் அவனுடைய அங்கத்துவ அட்டையை வாங்கி மேசைக்குள் போட்டுப் பூட்டினார். அவன் தாய் வந்து கெஞ்சும்வரை கொடுக்கவில்லை. இன்முகமாம், இன்முகம்.

மலருக்குச் சிறுநீரகம் பழுதானது. எங்கள் பக்கத்தில் இந்த வருத்தம் நிறையப் பேருக்கு. இரத்தம் சுத்திகரிக்க வவுனியாவுக்குப் போய் வருவார். வந்து, வீங்கிய காலை ஒரு பெட்டியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு எண் போடுவார். உதவிக்கு என்று டிலுசா என்ற பிள்ளையை அனுப்பியிருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு முதல் நாளே மலர் ஜனார்த்தனனின் அட்டையை எடுத்துக் காட்டியதை நான் பார்த்தேன். "மிச்சம் எல்லாம் ஆறுதலாப் பழகலாம் பிள்ளை. இதில மட்டும் கை வைக்காதை," என்றார். கடந்த ஆண்டு மாரி தொடங்குவதற்கு முன்னர், 2024இல், மலர் போய்விட்டார்.

கல்வெட்டு வந்தது. மலரின் வழக்கப்படியே இரண்டு வாங்கினேன். ஒன்றை நூலகத்துக்குக் கொண்டுபோய் டிலுசாவின் மேசையில் வைத்தேன். அந்தப் பிள்ளை புது அட்டை எடுத்து எழுதத் தொடங்கியது. மரியமலர், பஸ்தியாம்பிள்ளை. 1966, ஒரு கோடு. அத்துடன் பேனை நின்றுவிட்டது. பிள்ளை மேசையில் தலையைக் கவிழ்த்து அழத் தொடங்கியது. நான் எழுதிக் கொடுத்திருக்கலாம். எனக்கும் கை வரவில்லை. சண்டை பிடிக்க இனி யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது.

அன்றைக்குச் சனிக்கிழமை. வடிவம்மா உள்ளே வந்தார். நேரே லாச்சிக்குப் போனார். "நான் உயிரோட இருக்கிற மட்டும்" என்று மலர் சொன்னது அவருக்கு நினைவிருந்திருக்கும். அட்டையைத் தேடி எடுத்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோட்டுக்கு அங்காலே வெறுமையாகவே இருந்தது.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே மேசைக்கு வந்தார். டிலுசா எழுதி முடிக்காமல் விட்ட அட்டையைக் குனிந்து பார்த்தார்.

"எழுதும்மா," என்றார். "மிஸ்ஸ பொட்டியில வச்சிருந்தப்ப நான் பாத்தேன். கையத் தொட்டும் பாத்தேன், சில்லுன்னு இருந்திச்சு. அவங்களுக்கு நீ எழுதலாம்."

டிலுசா கண்ணைத் துடைத்துக்கொண்டு 2024 என்று எழுதியது.

வடிவம்மா மகனின் அட்டையை அதற்குப் பக்கத்தில் வைத்தார். கோட்டுக்கு அங்கால் உள்ள இடத்தை விரலால் மூடினார்.

"இவன நான் இன்னும் பாக்கல," என்றார்.

"ஓம் அம்மா. மலர் அக்கா சொன்னவா," என்றது டிலுசா. வடிவம்மா விரலை எடுத்தார். பிள்ளை அந்த அட்டையைக் கொண்டுபோய், அது இருந்த இடத்திலேயே வைத்து, லாச்சியை மூடியது.